மூணரை நூல்

மரை அக்கா யாரையும் நம்பியதில்லை. கடைக்காரர் தராசில் கை வைத்தால் இவள் தராசைப் பார்க்கமாட்டாள், அவர் விரலைப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் கழன்றுவிட்டதோ என்று இன்னொரு தடவை இழுப்பாள். பெண் பார்க்க வந்தவரிடமே, "சம்பளம் சொன்னீங்களே, அது பிடித்தம் போக வர்றதா, பிடித்தத்துக்கு முன்னாடியா?" என்று கேட்டவள் அவள். அந்த மனிதர் அரண்டுபோய் உண்மையைச் சொல்லிவிட்டார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டதாகச் சொல்வாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டும் ஒரு நிறுவனத்தில் காற்று போகிற ஹோஸ் குழாய்களும் ரெகுலேட்டரும் பழுது பார்க்கிற அறை அவளுடையது. யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது "மரையைப் பாரு" என்பதுதான். திருகு சுற்றுகிற வரி சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம். இது முகத்துக்கு நேரே சொல்கிற காரணம். முதுகுக்குப் பின்னால் சொல்கிற காரணத்துக்கு வார்த்தை தேவையில்லை, நெற்றிப்பொட்டில் ஒரு விரலை வைத்துத் திருகிக் காட்டினால் போதும். அதுவும் அவளுக்குத் தெரியும். "கழண்டது தெரிஞ்சா முறுக்கிக்கலாம். தெரியாம சுத்துறவனைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்" என்பாள்.

இங்கே வருவதற்கு முன் லாரிக்கும் மண் அள்ளும் வண்டிக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் இருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளுமாக வயசு போன இடம் அது. அந்தக் கடையில் எல்லாவற்றையும் நூலில்தான் சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். தச்சரும் கொத்தனாரும் குழாய் வேலைக்காரரும் சொல்கிற அதே நூல்தான். கடலுக்கு வந்த பிறகும் அவள் கணக்கு மாறவில்லை. பெட்டியில் அங்குலத்தைப் பின்னத்தில் அச்சடித்திருப்பார்கள். அவள் வாயில் அது மூணு நூல், மூணரை நூல் என்றாகிவிடும். கொஞ்ச நாளில் அங்கே எல்லோரும் அவள் பாஷைக்கு வந்துவிட்டார்கள்.

இந்த மூணும் மூணரையும்தான் இந்தக் கதை, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. சிலிண்டரின் வாயில் மாட்டுகிற ரெகுலேட்டர் கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளைக் கட்டி. அதைச் சுற்றி ஓட்டைகள் இருக்கும். அதில் ஒன்றிரண்டில் சிலிண்டருக்குள் அடைத்த காற்று அடங்காமல் முழு மூச்சோடு வரும். அது கேஜுக்குப் போகிற வழி, உள்ளே எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுவதற்கு. மற்ற ஓட்டைகளில் வருவது அடக்கி அனுப்பிய காற்று. அது வாய்க்கும், உடம்பில் மாட்டுகிற காற்றுச் சட்டைக்கும் போகும். கேஜ் ஓட்டை மூணரை நூல், மற்றவை மூணு நூல். வாய்க்குப் போகிற ஹோஸை அந்த முரட்டுக் காற்றில் மாட்டினால் அது தாங்காது, வெடிக்கும். அதனால்தான் நடுவில் அரை நூல் வித்தியாசம் வைத்தார்கள். மூணு நூல் ஹோஸை மூணரை ஓட்டையில் வைத்தால் லொடலொடவென்று ஆடும், எவ்வளவு அவசரக்காரனாலும் மாட்ட முடியாது. "இதைக் கண்டுபிடிச்சவன் நம்ம ஆளு. எவனையும் நம்பாதவன்" என்று மரை அக்கா பெருமைப்பட்டுக்கொள்வாள்.

ஆனால் அந்த அரை நூலை ஏமாற்றவும் ஒரு சாமான் இருக்கிறது. அடாப்டர். பழைய காலத்துக் கேஜ் ஹோஸ்களில் முனை மூணு நூலாகத்தான் இருக்கும். அவற்றைப் புது ரெகுலேட்டரில் மாட்டுவதற்காகச் செய்த சின்ன பித்தளை வளையம் அது. வெளியே மூணரை, உள்ளே மூணு. அதை மாட்டியதும் முரட்டுக் காற்று வரும் இடத்தில் மூணு நூல் ஓட்டை ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் யாராவது வாய் ஹோஸை அதில் முறுக்கிவிட்டால் போச்சு. தன் அறைக்குள் அடாப்டர் வரக்கூடாது என்று மரை அக்கா ஆணையே போட்டிருந்தாள். முதலாளி ஒரு தடவை கொண்டுவந்ததைக்கூட வாசலிலேயே வாங்கிக் கடலில் எறிந்தவள்.

அவளுடைய மாப்பிள்ளை அதே நிறுவனத்தில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப் போகிற மூத்த முக்குளிப்பவன். மகளுக்கு அவனைக் கொடுத்ததற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சரிபார்த்துக் கொடுத்த ரெகுலேட்டரை வாங்கியவன் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போகவில்லை. ஓரமாக உட்கார்ந்து, வால்வைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் காதை வைத்துக் கேட்டான். எங்காவது காற்று கசிகிறதா என்று. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "என் வேலையையே சந்தேகப்பட்டவன். என் பொண்ணை நல்லா பார்த்துப்பான்" என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

அப்படிப்பட்ட மாப்பிள்ளை மேல்தான் இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கேஜ் ஹோஸ் கையிருப்பு குறைந்துகொண்டு வந்தது. அவன் சரக்குக் கடைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "மாப்பிள்ளை, கேஜ் ஹோஸ் மூணரை நூல், ஒரு கட்டு சொல்லிடுங்க" என்றாள். கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால் மூணு நூல். பழைய மாடல்.

"மாப்பிள்ளை, நான் மூணரை சொன்னேன்."

"மூணுன்னுதானே சொன்னீங்க அத்தை."

சொல்லிவிட்டு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். கேஜுக்கு மூணு என்று அவள் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லமாட்டாள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம்? கடைக்காரருக்கு விற்காத பழைய சரக்கு, இவனுக்குக் கமிஷன். வேறென்ன இருக்க முடியும்.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி தானாகக் கிடைக்கும். கொஞ்ச நாளாகவே கூப்பிட்டால் அவன் பதில் சொல்வதில்லை. எதிரே நின்று பேசினால் நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்க்கிறான். அறையில் உட்கார்ந்தால் வலது பக்கம் சுவர் இருக்கிற அதே நாற்காலிதான். எவனும் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறானோ? இணைப்பில் காது வைத்துக் கேட்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டான், வெறுமனே கண்ணால் பார்த்து அனுப்பிவிடுகிறான். போன வாரம் மகள் வந்திருந்தபோது, "என் பேச்சை அவர் காதுலயே வாங்க மாட்டேங்கிறார்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரை அக்கா அன்றே மனசுக்குள் முடிச்சுப் போட்டாள். ஹோஸ் மட்டும் இல்லை, வேறு என்னவோ கூட இருக்கிறது.

நூல் விட்டுப் பார்த்தாள். "கடைக்காரர் உங்களுக்கு ரொம்ப நெருக்கமோ?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அவன் "ஆமா அத்தை, இன்னிக்கு அலை ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு நடந்தான். எவ்வளவு நைசாகப் பேச்சை மாற்றுகிறான் பாருங்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் சிலிண்டர் அடுக்கின் மறைவில் நின்று ஹோஸ் சுருட்டிக்கொண்டிருந்தவளுக்கு அவன் போனில் பேசுவது கேட்டது.

"மூணரையே இருக்கட்டும். மூணு வேணாம், மூணரைதான். ஆமா, நாளைக்கு. வீட்ல யாருக்கும் தெரியாது. தெரியவும் வேணாம்."

அவள் கையில் இருந்த ஹோஸ் அப்படியே நின்றது. எல்லாம் புரிந்துவிட்டது. நல்ல மூணரை ஹோஸ்களை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இந்த மூணு நூல் பழசுகளைச் செருகப் போகிறான். ரகசியம் பேசுகிறவன் ஏன் இப்படி ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் பேச வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஓடிப் போய் அலமாரியைத் திறந்து தன் மூணரை நூல் ஹோஸ்களைப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. குறையவில்லை என்றால் இனிமேல்தான் குறையப் போகிறது என்று அர்த்தம்.

மாப்பிள்ளையின் பையைத் துழாவுவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே துழாவினாள். துண்டுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அடியில் ஒரு தாள் பொட்டலம். உள்ளே புத்தம் புது அடாப்டர்கள், மஞ்சளாகப் பளபளத்தன.

அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. அறைக்குள் வரக்கூடாது என்று அவள் சொன்ன ஒரே சாமான். அதைத் திருட்டுத்தனமாக மாட்டி, அதன் மேல் எவனோ தப்பான ஹோஸை முறுக்கி, எவனோ கடலுக்கடியில் வெடித்த ஹோஸோடு நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அந்த எவனோ யார் வீட்டுப் பிள்ளையோ.

மறுநாள் காலையில் முதலாளியின் அறைக்குப் போனாள். முதலாளி அவளைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். பொட்டலத்தை மேஜை மேல் வைத்து, தெரிந்ததையெல்லாம் சொன்னாள்.

முதலாளி பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அக்கா, அவர் உங்க மாப்பிள்ளை."

"அது வீட்ல. இங்கே கடலுக்குள்ள ஆளை இறக்குற வேலை."

"இது நெசம்னா அவரை நான் வச்சுக்க முடியாது. அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை நல்லா பாருங்க. சாயங்காலம் இங்கேதான் இருப்பேன், வந்து சொல்லுங்க."

நல்லா பாருங்க என்று மரை அக்காவிடமே சொல்லிவிட்டார். அவளுக்கு ரோஷம் வந்தது. சரி, எவரும் மறுக்க முடியாதபடி பார்த்துவிடலாம் என்று ஒரு பொறி வைத்தாள்.

மாப்பிள்ளையின் சொந்த ரெகுலேட்டர் செட்டை எடுத்தாள். வாய் ஹோஸைக் கழற்றி, இணைப்புக்குள் உட்காரும் ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, வெட்டுப்பட்டு ஒதுக்கிப் போட்ட பழைய வளையத்தை வைத்து முறுக்கினாள். சிலிண்டரைத் திறந்து பார்த்தாள். உஸ்ஸென்று நன்றாகவே சீறியது. தரையில் இருக்கும் வரை யாருக்கும் ஆபத்தில்லை, காற்று வீணாகும், அவ்வளவுதான். ஒழுங்கானவன் என்றால் திறந்த உடனே மூடிவிட்டுக் கத்துவான். கவனமே இல்லாத கள்ளன் என்றால் சரியென்று சொல்லிவிட்டுப் போவான். மறுபடி மூடிவைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கோ போன மாப்பிள்ளை பொழுது சாய்கிற நேரத்தில்தான் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. பேரம் படியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றாங்களே மாப்பிள்ளை, உங்க செட்டைப் பார்த்துடுங்க."

அவன் உட்கார்ந்தான், வழக்கமான நாற்காலியில். சிலிண்டருக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரை நிறுத்தியிருந்ததால் அறை அமைதியாக இருந்தது. வால்வைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம் கிளம்பியது. சுவரோரம் படுத்திருந்த பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனது. மாப்பிள்ளை கேஜைப் பார்த்தான். வாயில் வைத்து மூச்சை இழுத்து விட்டான். காற்றுச் சட்டையின் பொத்தானை அழுத்திப் பார்த்தான். சத்தம் அவன் வலது தோளுக்குப் பக்கத்தில் ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு அத்தை."

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தேவிட்டாள். பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் ஒரு கணம் வந்தது, அடுத்த கணமே மகளின் முகம் ஞாபகம் வந்தது. முதலாளியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அப்போது அவன் கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தான். இடது கன்னம் ரெகுலேட்டரை உரசிக்கொண்டு போனது. அவன் விலுக்கென்று நிமிர்ந்தான். உடனே வால்வை மூடினான். முகம் வெளுத்திருந்தது.

"அத்தை, காத்து போகுது."

அவள் திறந்த வாயை மூடவில்லை. அவன் மெதுவாக வால்வைத் திறந்தான். இடது காதை அதன் பக்கம் காட்டினான், வால்வை மூடினான். மறுபடி திறந்தான். வலது காதைக் காட்டினான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவள் பார்த்துக்கொண்டிருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

மரை அக்கா சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே நுழைந்து அவன் வலது பக்கமாகப் போய் நின்றாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "மூணரை நூல்" என்றாள்.

அவனிடமிருந்து பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"மூணா?" என்றான் அவன்.

அந்த அரை அவன் காதுக்குள் போய்ச் சேரவே இல்லை.

அவள் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?"

"போன சீசன்ல சளியோட இறங்கினேன். உள்ளே ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. தானா சரியாகிடும்னு விட்டுட்டேன், இறங்கிட்டேதான் இருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டு பேசினான். "இன்னிக்கு டாக்டர்கிட்ட போனேன். மூணு மணிக்கு வரச் சொன்னாங்க, நான்தான் மூணரை கேட்டேன். மூணு மணின்னா நான் கிளம்புற நேரத்துல நீங்க வாசல்ல இருப்பீங்க, எங்கேன்னு கேப்பீங்கன்னு."

"மூணரை மணியா" என்றாள் மரை அக்கா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் முட்டியது. நேரம் கேட்டால்கூட நூல் என்று எடுத்துக்கொள்கிற ஒரு மண்டை. மரை கழண்டது என்று சும்மாவா சொன்னார்கள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வலது காது சவ்வுல ஓட்டையாம், இடதும் கொஞ்சம் மந்தம்தானாம். இனிமே தண்ணிக்குள்ள தலையை விடாதேன்னுட்டாரு."

"அந்த அடாப்டர்?"

"நான் தப்பா கேட்டு ஆர்டர் போட்டது எனக்கு அப்புறமாதான் புரிஞ்சுது. ஹோஸ் வீணாகிடுமேன்னு வாங்கினேன். உங்க முகத்தைப் பார்த்ததும் மாட்டத் தைரியம் வரல."

"இறங்கினப்ப ஏதாச்சும் ஆச்சா? மறைக்காம சொல்லுங்க."

அவன் கீழே கிடந்த துண்டை எடுத்துக்கொண்டான். "ஒரு தடவை. காதுக்குள்ள தண்ணி போய் தலை சுத்திடுச்சு. எது மேல எது கீழன்னு தெரியல. நங்கூரக் கயித்தைப் பிடிச்சுட்டு நின்னேன். கூட வந்தவங்க நான் எதையோ காட்டுறேன்னு நினைச்சு அவங்களும் கயித்தைப் பிடிச்சுட்டு நின்னாங்க."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி அறையில் விளக்கு எரிந்தது. காலையில் தான் சொல்லிவிட்டு வந்ததை அவள் இப்போது அவனிடம் சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்காமல், அவன் இடது காதில். திருடன் என்று சொன்னதையும் சொன்னாள். "தப்புப் பண்ணிட்டேன் மாப்பிள்ளை. இப்பவே போய் இல்லைன்னு சொல்லிடறேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அவளைத் தொட்டது கல்யாணத்தன்று காலில் விழுந்தபோது ஒரு தடவை, அதற்குப் பிறகு இப்போதுதான்.

"வேணாம் அத்தை. திருடன்னே இருக்கட்டும்."

"என்ன பேசறீங்க?"

"திருடன்னா இங்கேருந்து துரத்துவாங்க, அவ்ளோதான். கடற்கரையில இன்னொரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துக்குவேன். காது போச்சுன்னு தெரிஞ்சா எவனும் என்னைத் தண்ணியில இறக்கமாட்டான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அத்தை. உங்க பொண்ணுகிட்டயும் சொல்லாதீங்க. நான் கமிஷன் அடிச்சேன்னே சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன்."

மரை அக்கா சுமத்திய பழியையே அவன் எடுத்து அவள் கையில் கொடுக்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். அவன் திருடனாக வெளியே போய், அடுத்த நிறுவனத்தில் நல்லவனாகத் தண்ணீருக்குள் இறங்குவான். அங்கே அவன் செட்டில் காதை வைத்துக் கேட்க ஆள் இருப்பார்களோ இல்லையோ. அந்தக் கயிறும் அடுத்த தடவை கைக்கு எட்டுமோ எட்டாதோ.

அவள் அவன் செட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்பேனரால் ஒவ்வொரு ஹோஸாகக் கழற்றினாள். திறந்த ஓட்டைகளில் மூடியைப் போட்டு முறுக்கினாள், மூணு நூல் ஓட்டைக்கு மூணு நூல் மூடி, மூணரைக்கு மூணரை. எல்லாம் மூடிய பிறகு அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தான் சொன்னதை அத்தை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தான் போலும், எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் முதலாளியின் அறைக்குள் போனார்கள். மேஜை மேல் அந்தப் பொட்டலம் காலையில் வைத்தபடியே இருந்தது. முதலாளி முதலில் அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்து நின்றான், திருடன் எப்படி நிற்பானோ அப்படி.

மரை அக்கா அவனுடைய வலது பக்கம் போய் நின்றுகொண்டாள். வேண்டுமென்றேதான். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவர் எதையும் திருடல, முதலாளி. நான் தப்பாச் சொல்லிட்டேன். இவருக்கு ஒரு காது கேக்கல. இனிமே இவரைத் தண்ணியில இறக்காதீங்க. இறக்கினா நான் இங்கே இருக்கமாட்டேன்."

அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, மேஜையைச் சுற்றிவந்து, திருடனை யாரும் தொடாத மாதிரி அவன் தோளைத் தொட்டார். அத்தை என்ன சொன்னாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.